உச்சி மூடும் முன்னே

எனக்குத் தண்ணீர் உடைந்தது 2018 மாசியில், வயிற்றில் பிள்ளைக்கு 29 வாரத்தில். இரவு பதினொரு மணி இருக்கும். கொக்கட்டிச்சோலையில் ஓட்டோ பிடித்து மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்கு ஏறி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். 2014இல் அந்தப் பாலம் திறக்கும் வரை மண்முனைத் துறையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுதான் ஓடியது. அந்தக் காலம் என்றால் அந்த ராத்திரியில் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் பாலத்தில் ஏறும்போது வயிறு கலங்கும்.

போனவுடன் ஊசி ஒன்று போட்டார்கள். பிள்ளையின் சுவாசப்பை முதிர்வதற்கு என்றார்கள். மூளையில் இரத்தம் கசிவதையும் அந்த ஊசி குறைக்கும் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். இரண்டாவது ஊசிக்கு 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். மகன் பொறுக்கவில்லை, விடியப்புறம் பிறந்துவிட்டான். நிறை 1,180 கிராம்.

மூன்றாம் நாள் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு இன்னும் மூடாத உச்சியில் கருவியை வைத்தால் உள்ளே மூளை தெரியும். டொக்டர் ஒரு தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். மூளைக்கு நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளின் ஓரத்தில்தான் மூளையின் புதுக் கலங்கள் உருவாகின்றன. அந்த இடத்து இரத்தக் குழாய்கள் மிகவும் மெல்லியவை. 32, 34 வாரம் ஆகும்போது அந்த இடமே சுருங்கிப் போகும். அதற்கு முன்னே பிறந்துவிட்டால், இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அந்தக் குழாய்கள் வெடித்துவிடலாம். அநேகமாக முதல் மூன்று நாளுக்குள்தான் கசியும். என் மகனுக்கு இடப் பக்கம் கசிந்து அறைக்குள் நிறைந்து, அறையும் வீங்கி இருந்தது. கசிவின் கடுமையைச் சொல்லும் நாலு தரத்தில் மூன்றாவது.

"பெரியாளானா எப்படி டொக்டர் இருப்பான்?" என்று கேட்டேன்.

"இந்தப் படத்தை வச்சு அதைச் சொல்ல ஏலாது அம்மா. அடுத்தது என்ன பார்க்கவேணும் எண்டு கேளுங்க, அதைச் சொல்லுறன்."

அன்றைக்கு அது எனக்குக் கல்நெஞ்சப் பேச்சாகத்தான் கேட்டது. ஆனாலும் ஒரு கொப்பி வாங்கி, பார்க்க வேண்டியதை எழுதத் தொடங்கினேன்.

முதலில் பார்க்க வேண்டியது தலையின் சுற்றளவு. கட்டிய இரத்தம் நீர் வடியும் வழியை அடைத்தால் தலை பெருக்கும். வாரத்துக்கு அரைச் சென்ரிமீற்றர், ஒரு சென்ரிமீற்றர் கூடினால் பயமில்லை. இரண்டு கூடினால் உடனே பார்க்க வேண்டும், சில பிள்ளைகளுக்குக் குழாய் வைத்து நீரை வடிக்க வேண்டி வரும். தாதி மிஸ்ஸி அளவுநாடாவை எடுக்கும் நேரமெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒரு கிழமை ஒன்றரை கூடியது. அடுத்த கிழமை முக்கால். பிறகு அடங்கியது. குழாய் தேவைப்படவில்லை. சுவாசம் சீரானபின் மகனை என் நெஞ்சோடு ஒட்டவைத்துச் சேலையால் சுற்றிவிட்டார்கள், நாளுக்கு எத்தனையோ மணித்தியாலம் அப்படியே இருந்தேன். எட்டாவது கிழமை வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் வேறு சண்டை. மாமி தலைக்கு எண்ணெய் வைத்து அமத்தி வடிவாக்க வேண்டும் என்று நின்றா. அவவின் நாலு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தவ. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அயலில் "இன்னும் குப்புறப் புரளல்லயா?" என்ற கேள்வி. 11 கிழமை முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த 11 கிழமையைக் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டும், இரண்டு வயது வரைக்கும். எங்கள் குடும்பநல மாது கிளினிக் கொப்பியில் பிறந்த நாளிலிருந்து வரும் வயதையும் கழித்த வயதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தந்தா. அதைக் காட்டித்தான் நான் எல்லாருக்கும் பதில் சொன்னேன்.

எட்டு மாதத்தில், கழித்துப் பார்த்தால் ஐந்தரை மாதத்தில், எதை நீட்டினாலும் இடக்கைதான் வந்தது. வலக்கை பொத்தியபடியே இருந்தது. மாமிக்குப் பெரிய சந்தோசம். "அவன்ட அப்பப்பாவுக்கும் இடக்கைதான் கா!" எனக்கும் முதலில் சந்தோசம்தான். காசு கொடுத்துக் காட்டிய ஓரிடத்தில் "வளர வளரச் சரிவரும், ரெண்டு வயசு வரைக்கும் பாருங்க" என்றார்கள். நம்பி மூன்று மாதம் இருந்துவிட்டேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்பவும் நெஞ்சு நோகும். ஒரு வயதுக்கு முன்னே பிள்ளை ஒரு கையை மட்டும் பாவித்தால் அது கைப்பழக்கம் இல்லை, மற்றக் கை பின்தங்குகிறது என்ற அடையாளம். மூளையின் இடப் பக்கம் உடம்பின் வலப் பக்கத்தை நடத்துகிறது. காலுக்குப் போகும் நரம்புகள் அந்த நீர் அறைகளுக்குக் கிட்டவாகவே ஓடுகின்றன, அதனால் வலது காலும் விறைத்து, நிறுத்தினால் நுனிக்காலில் நின்றான்.

கிளினிக்கில் பிசியோதெரபி மிஸ் தூக்கிப் பார்த்த கையோடு சொல்லிவிட்டா. அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. இடக்கைக்கு ஒரு காலுறையைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வலக்கையால் மட்டும் விளையாட விடுவது. அழுவான், எறிவான். ஆத்தங்கரைச் சிப்பியை மணலில் போட்டுப் பொறுக்க விட்டால் மட்டும் அழமாட்டான். அதனால் வளவுக்குள் ஒரு மூலை முழுக்கச் சிப்பி. குளிப்பாட்டும்போது வெந்நீரில் கால் தசையை இழுத்துவிடுவோம், கணுக்காலை நேராகப் பிடிக்க ஸ்பிளின்ட் என்ற தாங்கி. 2020இல் ஊரடங்கு வந்து கிளினிக் நின்றது. அந்த நாட்களில்தான், இரண்டு வயது தாண்டி, முற்றத்தில் கதிரையை விட்டுவிட்டு ஐந்து அடி வைத்தான். மாமி ஓவென்று அழுதா.

இப்ப ஏழு வயது, இரண்டாம் தரம் படிக்கிறான். வாய் ஓயாமல் கதைப்பான். கரும்பலகையைப் பார்த்து எழுதப் பிந்தும், கணக்கில் இடம் மாறிப்போகும், பட்டன் போட உதவி வேண்டும். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் படிப்பில் வரும் இடறல் பள்ளிக்கூடம் போனபிறகுதான் தெரியவரும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தா, அதனால் முதல் நாளே ஸ்கேன் தாளோடு ரீச்சரிடம் போனேன். முன்வரிசையில் இருக்கவைத்து, எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் தருகிறா.

கொப்பி இப்ப மூன்றாவது. போன மாதம் கிளினிக்குக்கு எழுதிக்கொண்டு போன கேள்வி, வளரும்போது குதிக்கால் திரும்பவும் ஏறுகிறதே, ஸ்பிளின்ட் அளவு மாற்ற வேண்டுமா என்பது. ஓம் என்றார்கள். புதிது கிடைத்தது, நீல நிறம், அவனே தெரிந்தெடுத்தது.