டைக்கோவின் வெண்கதிர்கள்: டர்பன் நாட்குறிப்பு

8 பிப்ரவரி 2025, சாட்ஸ்வொர்த்

மேகம் கொஞ்ச நேரம் வழிவிட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து பார்த்தால் நிலா தலைகீழ். டைக்கோ பள்ளம் மேல்பக்கம் வந்துவிடும். அதிலிருந்து சிதறிய வெண்கோடுகள் இப்போதே தெரிகின்றன. நிலா மண் காலப்போக்கில் கறுத்துவிடும். ஆனால் இந்தப் பள்ளத்தின் வயது சுமார் 10.8 கோடி ஆண்டுகள்தான். அதனால்தான் இன்னும் வெளுப்பு.

11 பிப்ரவரி

தைப்பூசம். காவடி பார்த்துவிட்டு வரும்போதே இருட்டிவிட்டது. தங்கை மகளும் கூட வந்தாள். ஏறக்குறைய முழுநிலவு என்பதால் நிலாப் பரப்பில் நிழலே விழவில்லை. மேடுபள்ளம் மறைந்து வெளுப்பும் கருமையும் மட்டும் மிஞ்சின. பலர் இன்று தொலைநோக்கியைத் தொடமாட்டார்கள். ஆனால் கதிர்க்கோடுகள் பார்க்க இதைவிட நல்ல இரவு கிடையாது.

"மாமா, அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. அப்புறம் மண் எப்படிக் கறுக்கும்?" என்றாள். என்ன அருமையான கேள்வி!

12 பிப்ரவரி

வாசல் கேட்டைக் காட்டியே சொன்னேன். டர்பன் கடற்காற்றில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது. நிலாவில் நடப்பது நேர்மாறு. பாறைக் கனிமத்துக்குள் ஆக்சிஜனோடு பிணைந்திருக்கும் இரும்பு, பிணைப்பு அறுந்து சுத்த உலோகமாகிறது.

அறுப்பவை இரண்டு. ஒன்று, நொடிக்கு 400 கிலோமீட்டர் போல வேகத்தில் வரும் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்கள். அதன் ஹைட்ரஜன் அயனிகள் மண்துகளின் மேல்தோலைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. மற்றது நுண்விண்கற்கள். மோதிய இடத்தில் பாறை ஆவியாகி, பக்கத்துத் துகள்கள் மேல் படலமாகப் படிகிறது. படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் அளவுதான். அதற்குள் சில நானோமீட்டர் இரும்பு மணிகள். இவ்வளவு மெல்லிய தோல் ஒரு நிலப்பரப்பையே கறுப்பாக்கி, லேசாகச் செந்நிறமும் ஏற்றிவிடுகிறது! இப்படியொரு படலம் இருக்கும் என்று அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஹாப்கே 1970களிலேயே வாதிட்டார். அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த நிலா மண்ணில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைக் காட்டியது 1990களில். அந்தப் பொறுமையை நினைத்தால் மரியாதை கூடுகிறது.

சுமார் 80 கோடி ஆண்டுப் பழைய கோப்பர்னிக்கஸ் பள்ளத்துக்கும் கதிர்கள் உண்டே என்றால், அங்கே வயது மட்டும் கணக்கில்லை. கருஞ்சமவெளி மேல் வெளிர்நிற மேட்டுப் பாறைத்தூளும் விழுந்து கிடக்கிறது.

13, 14

மழை.

16 பிப்ரவரி

சிறுகோள் கதை சொன்னேன். பூமியில் விழும் விண்கற்களில் மிகுதியானவை சாதாரண காண்ட்ரைட்டுகள் என்னும் கல் வகை. ஆனால் அவற்றின் தாயாக இருக்கவேண்டிய எஸ் வகை (பாறை வகை) சிறுகோள்களின் நிறம் அவற்றோடு பொருந்தவில்லை. 2010இல் ஜப்பானின் ஹயபுசா கலம் இடோகாவா என்ற எஸ் வகைச் சிறுகோளின் தூசியைக் கொண்டுவந்தது. உள்ளே அதே காண்ட்ரைட் கல். மேலே அதே இரும்பு மணித் தோல். வழக்கு தீர்ந்தது.

கரிமம் மிகுந்த சிறுகோள்களில் இது அப்படியே செல்லாது. ரியூகுவின் பரப்பு காலப்போக்கில் சிவக்கிறது, பென்னுவின் பரப்போ நீலச் சாயலுக்குப் போகிறது. இரண்டின் மண்ணும் இப்போது ஆய்வகங்களில் இருக்கிறது. அடுத்து அதைத்தான் படிக்கப்போகிறோம், அவளும் நானும்.