கிண்ண மூலக்கூறு எந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது?

வேலூரில் கத்திரி வெயில் நாட்களில் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் படிகம் வளர்ப்பது வீண் வேலை. அது கொதிப்பதே 40 டிகிரியில். ஊரும் அதைத் தொட்டுவிடும். டொலுயீனுக்கு மாறி, குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பிறகுதான் உருப்படியான படிகங்கள் கிடைத்தன. காட்பாடியில் ரயிலேறி, சென்னையில் எக்ஸ் கதிர் அளவீடு முடித்துத் திரும்பினேன்.

என் மூலக்கூறு கோரானுலீன் என்ற கார்பன்-ஹைட்ரஜன் சேர்மத்தின் வழிப்பொருள். நடுவில் ஐங்கோண வளையம், சுற்றிலும் ஐந்து அறுகோணங்கள், ஆழம் 0.87 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) உள்ள கிண்ணம். விளிம்பில் ஒரே ஒரு தொகுதியைச் சேர்த்தாலும் அதன் சமச்சீர் உடைந்து இடக்கை, வலக்கை என இரு வடிவங்கள் வந்துவிடும். கரைசலில் கிண்ணம் குடைபோல் உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டுகொண்டே இருப்பதால் ஒன்று மற்றதாக மாறும். திண்மத்தில் எது நிற்கிறது என்பதே என் கேள்வி.

அளவீட்டிலிருந்து அணுக்களின் இடங்களைக் கணித்த முதல் தீர்வில் கிண்ணம் ஏறத்தாழத் தட்டையாகத் தெரிந்தது. நடு ஐந்து கார்பன்களின் நீள்வட்டங்கள் (அணு எவ்வளவு பரவித் தெரிகிறது என்று காட்டுபவை) மட்டும் மேலும் கீழுமாக அசிங்கமாக நீண்டிருந்தன. "தரவு மோசம், வேறு படிகம் எடு" என்றார் ஆய்வகத்துச் சீனியர் அண்ணன். மேடம் ஒப்பவில்லை. "100 கெல்வினிலும் இப்படியே இருந்தால் அது அதிர்வு இல்லையப்பா" என்றார். அந்தக் கடுங்குளிரில் (சுமார் மைனஸ் 173 டிகிரி) அணுக்களின் அதிர்வு வெகுவாகக் குறையும்; படமோ அப்படியேதான் இருந்தது. ஒரே இடத்தில் சில அலகுக் கூடுகளில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டிகளில்) கிண்ணம் நிமிர்ந்தும், சிலவற்றில் கவிழ்ந்தும் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ் கதிர் நமக்குக் காட்டுவது இரண்டின் சராசரியை.

அணுக்களை நிமிர்ந்தது, கவிழ்ந்தது என இரு பகுதிகளாகப் பிரித்து, பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்று எனக் கட்டி, பிணைப்பு நீளங்களுக்குக் கட்டுப்பாடு போட்டேன். விளிம்பு அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் கணக்கு அடிக்கடி சிதறும். பொறுமையைச் சோதித்த வேலை இதுதான். கடைசியில் பங்கு 70:30 அருகே நின்றது. ஆடிப் பிம்பங்கள் இரண்டும் ஒரே இருக்கையைப் பகிர்ந்திருக்கின்றன.

எந்தக் கை அதிகம்? அதைச் சொல்ல 1983இல் வந்த ஃபிளாக் அளவுரு என்ற எண் உண்டு. சுழியம் என்றால் நாம் கணித்த வடிவத்தின் கை சரி, ஒன்று என்றால் தலைகீழ். ஆனால் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என லேசான அணுக்கள் மட்டுமே உள்ள படிகத்தில், அதுவும் மாலிப்டினம் உலோகத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரில், அதன் பிழை எல்லை மிகப் பெரிது. அந்த எண்ணை வைத்துக் கை சொல்வது, என் பார்வையில், ஜோசியம். ஆய்வேட்டில் பங்கு விகிதத்தை மட்டும் எழுதினேன். கதிரை வலுவாகச் சிதறடிக்கும் புரோமின் ஏற்றிய வடிவத்தை அடுத்துத் தயாரிக்கிறேன்.