டவ்காட்டை ஏற்றியாச்சு, பிஜன்ஹோலை விட்டாச்சு

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸில், டவ்காட் என்ற மெயில் சர்வரை 2.3.20-லிருந்து 2.3.21-க்கு ஏற்றும் வேலை. பில்ட் சுத்தமாக முடிந்தது, இன்ஸ்டாலும் ஆயிற்று, மெயில் படிப்பதற்கான ஐமேப் லாகினும் வேலை செய்தது. ஆனால் ஒரு மெயில்கூட இன்பாக்ஸுக்கு வரவில்லை. லாகைத் திறந்தால், வரும் மெயிலை வடிகட்டிப் பிரிக்கும் சீவ் பிளகின் லோடு ஆகவில்லை என்ற ஃபேட்டல் வரி: மாட்யூல் 2.3.20-இன் ஏபிஐக்கு (பிளகின் இணையும் இடைமுகம்) உரியது, இங்கே இருப்பதோ 2.3.21.

காரணம் எளிது. சீவ் வசதி டவ்காட் போர்ட்டில் கிடையாது. பிஜன்ஹோல் என்ற தனி போர்ட்டில் இருக்கிறது. டவ்காட் 2.3.21-க்கு ஜோடி பிஜன்ஹோல் 0.5.21. இரண்டையும் ஒரே கமிட்டில் ஏற்றியிருக்க வேண்டும். ஒன்றை இன்றைக்கு, மற்றதை நாளைக்கு என்று வைத்தால் நடுவில் அப்டேட் செய்கிறவர் மாட்டுவார். பிஜன்ஹோலுக்குப் புதிய வெளியீடே இல்லாத சமயத்திலும் அதன் போர்ட்ரிவிஷனை (அதே பதிப்புக்கான போர்ட் திருத்த எண்) ஒன்று கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பதிப்பு மாறவில்லை என்று பேக்கேஜ் கருவியான பிகேஜி பழையதையே விட்டுவைக்கும். போர்ட்டைத் தனிச்சூழலில் பில்ட் செய்து பார்க்கும் பூட்ரியேர் டெஸ்ட்போர்ட் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அது பில்டைத்தான் சோதிக்கிறது. பிளகினை லோடு செய்து பார்ப்பதில்லை.

இன்னொரு அடி: சர்வீஸை நிறுத்தாமலே பேக்கேஜை மாற்றியது. பழைய மாஸ்டர் பிராசஸ் ஓடிக்கொண்டிருக்க, அது புதிதாகக் கிளப்பும் பிராசஸ்களோ புதிய பதிப்பு. வெர்ஷன் மிஸ்மேட்ச் என்று அவை உடனே செத்துவிழும். வெர்ஷன் இக்னோர் அமைப்பைப் போட்டால் சரியாகும் என்று அந்தச் செய்தியே ஆசை காட்டும், நம்பாதீர்கள். முதலில் ஸ்டாப், பிறகு அப்கிரேட், பிறகு ஸ்டார்ட்.

மெயில் தொலையவில்லை என்பது ஆறுதல். முன்னால் நின்று மெயிலை வாங்கித் தரும் போஸ்ட்ஃபிக்ஸ் எல்லாவற்றையும் டிஃபர் செய்து (தள்ளிவைத்து) கியூவில் வைத்திருந்தது. இயல்பு அமைப்பில் 5 நாள் வரை தாங்கும். மறுமுயற்சி இடைவெளி 300 நொடியில் தொடங்கி 4000 நொடி வரை போகும். ஆகவே பிஜன்ஹோலைச் சரிசெய்தபின் சும்மா காத்திருக்காமல் போஸ்ட்கியூவுக்கு எஃப் கொடியைக் கொடுத்துத் தள்ளிவிடுங்கள்.

போர்ட் பக்கத்து வேலைகளில் பெரிதாக இடறவில்லை. பதிப்பை ஏற்றும்போது பழைய போர்ட்ரிவிஷன் வரியை நீக்க மறக்காதீர்கள்: 2.3.21_1 என்று வெளியே போய்விட்டால் பிறகு 2.3.21-க்கு இறக்க போர்ட்எபாக் (பதிப்பு வரிசையை மீறும் எண்) வேண்டும், அது ஒருமுறை வந்தால் போகவே போகாது. மேக்சம் கமாண்ட் எதையும் சரிபார்ப்பதில்லை, இறங்கிய கோப்பின் ஹேஷை எழுதிவைக்கிறது, அவ்வளவே. வெளியீட்டின் கையொப்பத்தை ஜிபிஜி கருவியால் தனியே பாருங்கள். பேட்ச் ஏற்கெனவே போட்டாயிற்று என்று பில்ட் முறையிட்டால் பெரும்பாலும் மூலத்திலேயே அந்தத் திருத்தம் சேர்ந்துவிட்டது என்று பொருள். உறுதிசெய்துகொண்டு பேட்ச் கோப்பை அழித்துவிடலாம். செக்-பிளிஸ்ட் கமாண்டில் ஆர்ஃபன்டு என்று வந்தால் பிகேஜி-பிளிஸ்டில் (நிறுவும் கோப்புகளின் பட்டியல்) வரி விட்டுப்போயிருக்கிறது. மிஸ்ஸிங் என்றால் வரி இருக்கிறது, கோப்பு இல்லை.

2.4-க்குத் தாவ நினைப்பவர்கள் இதே தைரியத்தோடு இறங்க வேண்டாம். பழைய கான்ஃபிக் அப்படியே ஏறாது. முதல் வரியிலேயே கான்ஃபிக் பதிப்பு எண் கேட்கும். மெயில் இருக்கும் இடத்தைச் சொல்லும் மெயில் லொக்கேஷன் ஒரே வரி போய், டிரைவர், பாத் என்று தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. இதில் விவகாரமானது பிளெயின்டெக்ஸ்ட் (கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புவது) அமைப்புதான். பழையது தடு என்ற பொருளில் இருந்தது, புதியது அனுமதி என்ற பொருளில் இருக்கிறது. பழைய யெஸ்ஸை அப்படியே எடுத்து ஒட்டினால் டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாத இணைப்பிலும் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும்.