ஜூரோங் தீவருகே கிடைத்த திமிங்கிலம்

சிங்கப்பூருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தபோது, கடைவீதிகளைக் குறைத்துக்கொண்டு, தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015இல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கென ஒரு நாளை ஒதுக்கினோம். பிள்ளைகளோடு செல்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது என்பேன். அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுக்கப்பட்ட, ஏறக்குறைய 15 கோடி ஆண்டுப் பழமையுள்ள மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளை அவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்கள்.

என்னைக் கட்டிப்போட்டதோ, 2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே இறந்து மிதந்த பெண் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் 10.6 மீட்டர் நீள எலும்புக்கூடுதான். கடலாழத்துக்குப் பாயும் நிலையில் அதை நிறுத்தியிருக்கிறார்கள். ஒடுங்கிய கீழ்த்தாடையில் கூம்புப் பற்கள் வரிசையாகத் தெரிகின்றன. கப்பல் மோதியதால் முதுகெலும்பில் ஏற்பட்ட காயத்தைப் பற்றிப் படித்ததும் என் மகள் பேச்சிழந்து போனாள்.

அதன் குடலுக்குள் ஞெகிழிக் குப்பையும் இருந்தது என்பது மனத்தை மிகவும் வருத்தியது. அதனோடு ஏராளமான கணவாய் அலகுகளும் கிடைத்தன. கிளியின் மூக்கைப் போல் வளைந்த இந்தக் கடினமான அலகுகள் எளிதில் செரிப்பதில்லை என்பதால், அது எந்தெந்தக் கணவாய்களை உண்டு வாழ்ந்தது என்பதை ஆய்வாளர்கள் இவற்றைக் கொண்டே அறிந்துகொள்கிறார்கள்.