ஜோமோன் மட்கலம்: கயிறு உருட்டிப் பார்த்த அனுபவம்

1877-இல் டோக்கியோவை அடுத்த ஓமோரியில் கிளிஞ்சல் மேட்டை அகழ்ந்த அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், அங்கே கிடைத்த, ஜப்பானின் தொல்பழங்காலமான ஜோமோன் காலத்து மட்கல ஓடுகளில் கயிற்றுத் தடம் இருப்பதைப் பதிவு செய்தார். முறுக்கிய கயிற்றை ஈரக் களிமண்ணின் மேல் உருட்டியே அத்தடம் பதிக்கப்பட்டது என்பதை, 1930-களின் தொடக்கத்தில் ஜப்பானியத் தொல்லியலாளர் யமனோஉச்சி சுகாவோ தாமே உருட்டிப் பார்த்துக் காட்டினார். நானும் அதைச் செய்து பார்த்தேன்.

கலத்தை வனைந்ததைவிடக் கயிறு திரிப்பதற்கே அதிக நேரம் பிடித்தது. சணல் நாரை இரண்டு புரிகளாக இடப்பக்கம் முறுக்கி, அவ்விரண்டையும் சேர்த்து வலப்பக்கம் முறுக்கினால், பிரியாத கயிறு கிடைக்கிறது. விரல் நீளத் துண்டு போதும். அதை உள்ளங்கையால் அழுத்தி உருட்டும்போது, புரிகளின் மேடுகள் நெல்மணி போன்ற குழிகளாகச் சாய்ந்த வரிசைகளில் விழுகின்றன. ஒவ்வொரு குழிக்குள்ளும் நாரின் மெல்லிய கோடுகள் கூடத் தெரிகின்றன. கயிற்றில் வலமாகச் சாய்ந்திருப்பது மண்ணில் இடமாகச் சாய்ந்து பதிவதால், பழைய ஓட்டைப் பார்த்தே அதை உருட்டிய கயிறு எப்பக்கம் முறுக்கப்பட்டது என்று சொல்லிவிட முடிகிறது.

வலம்புரிக் கயிற்றை ஒரு பட்டையிலும் இடம்புரிக் கயிற்றை அடுத்த பட்டையிலும் உருட்டியபோது, சாய்வுகள் எதிரெதிராக நின்று இறகு வடிவம் வந்தது. முற்கால ஜோமோன் கலங்களில் மிகுதியாகக் காணப்படும் இவ்வடிவத்துக்குக் கை வரையும் திறன் ஏதும் வேண்டியதில்லை. வடிவம் முழுவதும் கயிற்றிலேயே அடங்கியிருக்கிறது. மண்ணின் பதம்தான் முக்கியம். ஈரம் மிகுந்தால் கயிறு மண்ணை இழுத்துக்கொண்டு வருகிறது, காய்ந்துவிட்டாலோ நார்க்கோடுகள் பதிவதில்லை.

சக்கரம் இல்லாமல், மண் திரிகளை வளையமாக அடுக்கி வனைந்த கலம் இது. டோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ பகுதியில் முற்கால ஜோமோன் மக்கள் மண்ணில் தாவர நார் கலந்ததைப் பின்பற்றி, நான் நறுக்கிய வைக்கோலைப் பிசைந்திருந்தேன். திறந்த நெருப்பின் ஓரத்தில் நெடுநேரம் சூடேற்றிய பிறகே நடுவே நகர்த்திச் சுட்டேன். வெளிப்புறம் செம்பழுப்பாகவும், உடைத்துப் பார்த்த சோதனைத் துண்டின் நடுப்பகுதி கறுப்பாகவும், வைக்கோல் எரிந்துபோன இடங்கள் நுண்துளைகளாகவும் இருந்தன. அடுத்த கலத்துக்கு, இரு கயிறுகளையும் முனையோடு முனை முடிந்து ஒரே உருட்டலில் இறகு வடிவத்தைப் பதிக்க எண்ணியிருக்கிறேன்.