சீல் பள்ளத்தில் இருந்த வெள்ளைப் பொருக்கு

நேற்று இரவு முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றினேன். பிரேக்கைப் பிடித்தேன், நின்றது. விட்டேன், மறுபடி சுற்றினேன். உரசல் சத்தமே இல்லை! இரண்டு மாதமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன்.

வண்டி 2014 ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. முன்னால் 280 மி.மீ. டிஸ்க், அதைக் கவ்வி நிறுத்தும் இரட்டைப் பிஸ்டன் காலிப்பர். வீடு திருவொற்றியூரில், கடலுக்கு நான்கு தெரு தள்ளி. பிரேக்கை விட்டாலும் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருந்ததால், போன மாதமே பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரப்பர் வளையமான சீலைப் புதிதாகப் போட்டு மாட்டினேன். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தால் சுரீரென்று ஆவியானது, உரசல் நிற்காமல் அவ்வளவு சூடேறியிருந்தது. பிஸ்டன் மீது சந்தேகப்பட்டுப் புதிதாக இரண்டு வாங்கினேன். அவையும் இறுகின.

கோளாறு சீல் உட்காரும் பள்ளத்தில் இருந்தது. பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சதுர விளிம்புள்ள சீல் பிஸ்டனோடு சேர்ந்து சற்றே வளைகிறது. விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனையும் இழுத்துக்கொள்கிறது. பள்ளத்தின் அடியில் அலுமினியம் அரித்துச் சுண்ணாம்புபோல் படிந்திருந்தால் சீல் மேலெழும்பிப் பிஸ்டனை நெரிக்கும். புதிய சீல் போட்டாலும் அதே கதைதான்.

அந்தப் பொருக்கை எடுக்க மூன்று மாலைகள் ஆயின. ஈர்க்குச்சி ஒடிந்தது. பல் துலக்கும் பிரஷ் மேலோட்டமாகத்தான் துடைத்தது. இரும்பு ஊசி பள்ளத்தைக் கீறிவிடும், அதைத் தொடவே கூடாது. கடைசியில் பழைய பித்தளைக் கம்பியின் நுனியை அரத்தால் தட்டையாக ராவி, கொக்கிபோல் வளைத்தேன். பள்ளத்தின் மூலையில் சரியாகப் பொருந்தியது. சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து, எங்கும் தடுக்காத பிறகே நிறுத்தினேன். புதிய சீல்களைப் பிரேக் ஆயிலில் நனைத்து வைத்ததும் பிஸ்டன்கள் இரண்டும் கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போயின. சாதாரண கிரீஸ் பூசுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், சீல் ஊதிப்போகும்.

சீல் வாங்கச் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போகும்போது பழைய சீலையும் தடிமன் அளக்கும் வெர்னியரையும் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் ஒரு கடையில் கொடுத்த சீல் பள்ளத்தைவிடத் தடிமனாக இருந்தது. பையைப் பிரித்துவிட்டேன் என்று திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிளீடிங், அதாவது பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் வேலை, இன்னும் முழுதாக முடியவில்லை. டாட் 4 வகைப் பிரேக் ஆயில் கால் லிட்டர் போய்விட்டது. காலிப்பரில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிள் வழியே குமிழிகள் நிற்காமல் வந்ததைப் பார்த்து முதலில் பயந்தேன். நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றுதான் குழாய்க்குள் வந்துகொண்டிருந்தது. மரையின் மேல்பகுதியில் மட்டும் டெஃப்லான் நாடா சுற்றியதும் நின்றது. ஆனாலும் லிவர் கடைசி அரை அங்குலத்தில் மெத்தென்று இருக்கிறது. லிவர் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோடு குழாயை இணைக்கும் பான்ஜோ போல்ட்தான் குழாயில் மேடான இடம், காற்று அங்கே ஒளிந்திருக்க வேண்டும். சைக்கிள் டியூப் துண்டால் லிவரைப் பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். காலைக்குள் குமிழிகள் மேலேறி மாஸ்டர் சிலிண்டருக்கு வந்துவிட வேண்டும், கட்டை அவிழ்த்து லிவரை விட்டதும் ஆயில் கிண்ணத்துக்குப் போய்விடும்.

இதற்குள் மைத்துனர் தன் பல்சர் 220-ஐக் கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டார். அதில் பின்னாலும் டிஸ்க். பித்தளைக் கொக்கியை எண்ணெய் தடவி எடுத்து வைத்திருக்கிறேன்.