ஒத்தடத்தோடு நின்றிருக்கலாம்

உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். 19 நாட்களுக்குப் பிறகு இதைச் சொல்ல முடிகிறது.

இடது தொடையின் பின்புறம், புட்டத்தின் மடிப்புக்குச் சற்றுக் கீழே வந்தது அந்தக் கட்டி. கண்ணால் பார்க்க முடியாத இடம். ஆனால் உட்கார்ந்தால் உடல் எடை முழுவதும் இறங்கும் இடம். முதல் நாள் பட்டாணி அளவில் ஒரு தடிப்பு. இரண்டாம் நாள் சிவந்து, தொட்டால் சுட்டது. மூன்றாம் நாள் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியதும் பயந்து மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கல்லாக இருக்கிறது. இப்போது கீறினால் இரத்தம்தான் வரும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நடுவில் மெத்தென்று ஆனால் வாருங்கள், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள். பிதுக்க மட்டும் வேண்டாம்" என்றார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. எனக்கு மருந்துச் சீட்டு நிறைய எழுதுகிறவர்தான் நல்ல மருத்துவர். அந்த மூடத்தனத்துக்கு விலை பின்னால் வந்தது.

ஒத்தடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாள் அதையும் தப்பாகத்தான் செய்தேன். சூடு அதிகமானால் சீக்கிரம் பழுக்கும் என்று நினைத்து, கை பொறுக்காத நீரில் துணியை முக்கி வைத்தேன். கட்டியைச் சுற்றித் தோல் வெந்து, வலி இரண்டானது. மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தால் இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூடு. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம், ஆற ஆற மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. சூட்டில் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, அதோடு கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் வருகின்றன; கட்டி இளகி, தானாக முகம் வைத்து உடைய வழி பிறக்கிறது. பல சின்னக் கட்டிகள் ஒன்று, இரண்டு வாரத்தில் இப்படியே உடைந்து ஆறிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. இரவில் குப்புறப் படுத்தேன்.

ஐந்தாம் நாள் மாலை நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துப் பரவசப்பட்டேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் ஒத்தடம் கொடுத்திருந்தால் தானே உடைந்திருக்கலாம். ஆனால் இரவு 11 மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு கட்டை விரலாலும் பிதுக்கினேன்.

சொட்டுச் சீழ் வந்தது. அதைவிட அதிகமாக இரத்தம் வந்தது. மிச்சம் உள்ளே போனது. வெளியே வர வழி இல்லாத சீழை அழுத்தினால், அது பக்கத்துத் திசுக்களுக்குள் இறங்கும். காலையில் கட்டி குறுக்கே நான்கு சென்டிமீட்டர் இருந்தது, சுற்றிலும் செந்நிறம் பரவியிருந்தது. அக்கா பார்த்துவிட்டு, "குரங்கு கைப் புண் ஆறுமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஒரு பேனாவை எடுத்துச் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டாள். இந்த ஒரு காரியம்தான் அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரே புத்திசாலித்தனம். சிவப்பு கோட்டைத் தாண்டுகிறதா இல்லையா என்பதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

நான் மட்டும் அடுத்த தவறுக்குத் தயாரானேன். மருந்துப் பெட்டியில் எப்போதோ பல்வலிக்குக் கொடுத்து மீந்துபோன கேப்சூல்கள் கிடந்தன. அட்டையில் பாதி கிழிந்து பெயர் போயிருந்தது. இரண்டு நாளில் மூன்று விழுங்கினேன். ஏழாம் நாள் மாலை சிவப்பு கோட்டைத் தாண்டியது. இரவு தொடை இடுக்கில் நெறி கட்டியது, குளிரெடுத்தது. வெப்பமானியில் 38.4 டிகிரி.

எட்டாம் நாள் காலை திரும்ப மருத்துவமனைக்குப் போனேன். பதிவு மேசையில் இருந்தவர் முன்பு கொடுத்த சீட்டைக் கேட்டார். அது வீட்டில், மேசை விரிப்புக்கு அடியில் பத்திரமாக இருந்தது. "சீட்டு இல்லையென்றால் புதிய பதிவு, வரிசை அங்கே" என்று கையைக் காட்டினார். ஐந்து நாள் முன்பு இதே இடத்தில் பதிந்திருக்கிறார்கள், பெயரைத் தேடினால் வராதா என்று கேட்டேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. உட்கார நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எனக்கு அவற்றால் என்ன பயன்? காய்ச்சலோடு ஒன்றரை மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றேன்.

உள்ளே போனால் அடுத்த கேள்வி. "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?" சாப்பிட்டேன், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கேப்சூல். "பெயர்?" தெரியாது. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கிழிந்த அட்டையைத் தேடி, மிஞ்சியிருந்த எழுத்துகளைப் படிக்கவைத்து, படம் அனுப்பவைத்து ஒருவழியாகக் கண்டுபிடித்தோம். எதற்காக இவ்வளவு விசாரணை என்றால், ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதியில் விட்ட மருந்து, சீழைச் சோதனைக்கு அனுப்பும்போது முடிவைக் குழப்பவும் கூடும். அன்று முதல் என் பணப்பையில் பழைய சீட்டும், சாப்பிட்ட மருந்துகளின் பெயர்களும் இருக்கின்றன.

"மூன்று சாப்பிட்டும் குறையவில்லையே" என்றேன் குறைபட்டுக்கொண்டு. "சீழ் நிறைந்த குழிக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. மருந்து எந்த வழியாக உள்ளே போகும்?" என்றார். கட்டி முற்றிவிட்டால் கீறி வடிப்பதுதான் சிகிச்சை. மாத்திரை அதற்குத் துணை. என்னைப் போலக் காய்ச்சலும் சிவப்பும் பரவியவர்களுக்கு இரண்டும் தேவை.

மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். முழுவதும் மரத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீழ் அமிலத் தன்மை உள்ளது, அந்த இடத்தில் ஊசி மருந்து சரியாக வேலை செய்வதில்லை. அதனால்தான் கட்டியைச் சுற்றி வட்டமாகப் போடுகிறார்கள், அதுவே வலித்தது. ஆனால் கீறியதும் உள்ளே இருந்த அழுத்தம் இறங்கியதே, அந்த நொடிக்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு வாரத் தெறிப்பு அரை நிமிடத்தில் நின்றது. நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

குழிக்குள் துணித் திரி வைத்து அனுப்பினார்கள். சிறிய கட்டிகளுக்குத் திரி வைக்காமலும் விடுவதுண்டாம். மேல்தோல் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி சீழ் கோக்கும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். இரண்டு நாள் கழித்துத் திரியை எடுத்தபோது கத்தினேன். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரத்தச் சர்க்கரையும் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சீழ்ச் சோதனையில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தது. குப்புறப் படுத்திருந்த நாட்களில் படித்தேன்: 1880இல் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் இப்படிக் கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இந்தக் கிருமிக் கூட்டத்தைக் கண்டார், திராட்சைக் குலைபோல் இருந்ததால் கிரேக்கத்தில் அந்தப் பெயர். பலருடைய மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் இது குடியிருக்கிறது, தோலில் ஒரு கீறல் கிடைத்தால் இறங்கிவிடுகிறது. அதனால் துண்டு, சவரக் கத்தி எதையும் பகிரக் கூடாது. என் துண்டுகளையும் படுக்கை விரிப்பையும் 60 டிகிரி நீரில் துவைத்தோம். கட்டுத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டு, ஒவ்வொரு முறையும் கையைச் சோப்பால் கழுவினேன். அக்காவுக்கு வரவில்லை.

ஒத்தடம் போட்டுப் பார்க்கலாம் என்று நீங்கள் நினைக்கும் கட்டி முகத்தில், அதிலும் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். அங்குள்ள இரத்தக் குழாய்கள் மூளையை ஒட்டிய நாளங்களோடு தொடர்புள்ளவை. ஆசனவாயை ஒட்டியது, முதுகுத்தண்டின் அடியில் வருவது, நீரிழிவு உள்ளவர்களுக்கு வருவது, கைக்குழந்தைக்கு வருவது, இவையும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. கட்டியிலிருந்து சிவப்புக் கோடு ஓடினால் ஒத்தடத்துணியைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மாத்திரைகளை எழுதிக் கொடுத்த நாள்வரை ஒன்று விடாமல் முடித்தேன். மருந்துப் பெட்டியில் கிடந்த பழைய அட்டைகளை எல்லாம் அக்கா மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நேற்றுக் கடைசிக் கட்டை அவிழ்த்தோம். நகக்கண் அளவுக்கு ஒரு இளஞ்சிவப்புத் தழும்பு இருக்கிறது, சில சமயம் அரிக்கிறது. "கையை எடு" என்கிறாள் அக்கா, அடுத்த அறையிலிருந்து.